பண்டிதர் ஜெயித்த கதை

ராஜாவுக்கு விசிறி வீசும் சடையன் எந்தக் கதை சொன்னாலும் அதில் வேலைக்காரன் ஜெயிப்பான், பண்டிதர் அசடு வழிவார். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். அரசவைப் பண்டிதர் அனந்தகோபாலருக்கு வயிறு எரிந்தது. அவர் பாடிய பாட்டைக் கேட்டு ராஜா கொட்டாவிதான் விட்டிருக்கிறார்.

ஒருநாள் பண்டிதர் சபையிலேயே எழுந்துவிட்டார். "பண்டிதன் தந்திரம் பண்ணி ஜெயிக்கிற கதை ஒன்று சொல்லுடா. முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போ."

"சொல்றேன் சாமி, நீங்களே உம் கொட்டுங்க. ஒரு ஊர்ல நீங்களும் நானும் இருந்தோம்."

"ம்."

"நீங்க ஒரு தந்திரம் பண்ணினீங்க."

"ம்," என்றார் பண்டிதர், வாயெல்லாம் பல்லாக.

"நான் தோத்துட்டேன். கதை முடிஞ்சுது."

ராஜா நிமிர்ந்தார். "அது என்னடா தந்திரம்?"

"புரிஞ்சிருந்தா நான் தோத்திருப்பேனா மகாராஜா? பண்ணினவரைக் கேளுங்க."

சபையே பண்டிதரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், கடைசியில் வாயைத் திறந்தார்.

"ம்."