கெடு முடிந்த நாள்

வக்கீல் சங்கரவடிவிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது இருதயராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. சங்கரவடிவுக்கு நாற்பத்து மூன்று. அதற்கு முன் இருபத்தொன்பது வருடம் இருதயராஜ் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊர்ப்பட்ட கிரய ஒப்பந்தங்களை எழுதியவர். எழுதியதில் சிலது ஏன் கோர்ட்டுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சட்டம் படித்தேன் என்பார்.

சேர்ந்த இரண்டாம் மாதம் பிச்சையாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது.

பிச்சையா தென்னந்தோப்புக்காரர். தோப்பை ஒட்டிய நாற்பது சென்ட் ஆறுமுகநயினாருடையது. கிணறு அந்த நாற்பது சென்டில் இருந்தது. தோப்புக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். நிலத்தை விற்பதாக நயினார் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து முன்பணமும் வாங்கிக்கொண்டார். ஆறு மாதக் கெடு. கெடு முடிந்து ஒரு வருடம் ஆவதற்குள் நான்குவழிச் சாலை அந்தப் பக்கம் வந்தது. நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது.

“கெடுவுக்குள்ள அவன் வரல. ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு” என்றார் நயினார். கிணற்றுத் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்.

ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்துதரச் சொல்லி பிச்சையா வழக்குப் போட்டார். ஆறு வருடம் ஓடியது. அதற்குள் அவருடைய தென்னைகளில் பதினொன்று பட்டுப்போயின.

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் பிச்சையா அலுவலகத்துக்கு வந்தார். இருதயராஜ் வழக்குக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“கெடு முடிஞ்ச அன்னைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

“போக முடியல.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருந்தேன்.”

“பிறகு என்ன?”

பிச்சையா சங்கரவடிவைப் பார்த்தார். “அதைச் சொல்லி நிலம் வாங்க வேண்டாம்மா” என்றார்.

இருதயராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “இங்க பாருங்க. வாங்குறதுக்குக் கடைசி வரைக்கும் தயாரா இருந்தேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். அது இல்லேன்னா கேஸ் இல்ல. போனேன், சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னேன், அவர் வரலன்னு சொல்லிருங்க. எனக்கு அந்த இடத்துல எல்லாரையும் தெரியும். பார்த்தேன்னு சொல்ல ஆள் வரும்.”

பிச்சையா மறுபடியும் சங்கரவடிவைப் பார்த்தார்.

“போகலேன்னா போகலேன்னே சொல்லுங்க” என்றார் சங்கரவடிவு. பிறகு, “இப்ப கூப்பிட்டா பதிய வருவீங்களா?” என்று கேட்டார்.

“இப்பவே வாரேன்.”

“சரி. நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துருங்க.”

அவர் போன பிறகு இருதயராஜ் நான்கு பக்கம் எழுதிவைத்திருந்த கேள்வி பதிலை மேசைமேல் வைத்தார்.

“மேடம், தயாரா இருந்தேன்னா என்ன? பாங்குல பணம் இருந்ததுக்குப் பாஸ்புக் இருக்கு. மனசுல இருந்ததுக்கு எந்தப் பேப்பரைக் காட்டுறது?”

சங்கரவடிவு அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் அந்த வாரத்து வாய்தா தேதிகளை எழுதிக்கொண்டார்.

மறுநாள் பிச்சையா கூண்டில் ஏறினார். நயினார் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் எழுந்தார்.

“கெடு முடிஞ்ச தேதியில சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனீங்களா?”

“போகல.”

இருதயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆக, கிரயம் வாங்க நீங்க தயாரா இல்ல.”

“தயாராத்தான் இருந்தேன்.”

“தயாரா இருந்தவர் ஏன் போகல?”

பிச்சையா பின் பெஞ்சைப் பார்த்தார். “அதை அண்ணாச்சியே சொல்லட்டும் ஐயா.”

நீதிபதி நிமிர்ந்தார். “கேள்வி உங்ககிட்ட. நீங்கதான் பதில் சொல்லணும்.”

பிச்சையா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு விடியக்காலம் அவங்க அம்மா தவறிட்டாங்க ஐயா. பேராச்சியம்மா. என் தோப்புத் தென்னங்கிடுகை ஏத்திட்டுப்போய் நான்தான் பந்தல் போட்டேன். கொள்ளி வைக்கப்போற மனுசனை, கையெழுத்துப் போட வாங்கன்னு கூப்பிடவா?”

தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது. நயினாரின் வக்கீல் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் கேட்டிருக்கலாமே?” என்றார் வக்கீல்.

“கேட்டேன். வருசம் திரும்பட்டும்னு சொன்னாங்க. சரின்னேன். வருசம் திரும்புறதுக்குள்ள ரோடு வந்துட்டு.”

அடுத்த மாதம் நயினாரின் முறை. குறுக்கு விசாரணைக்காக இருதயராஜ் முப்பத்திரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். சங்கரவடிவு அதை வாங்காமலே எழுந்தார்.

“உங்க அம்மா இறந்த அன்னைக்கு வீட்டு வாசல்ல பந்தல் போட்டது யாரு?”

நயினார் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார்.

“பிச்சையா.”

“வேற கேள்வி இல்லை.”

இருதயராஜ் சங்கரவடிவின் கருப்பு அங்கியைப் பிடித்து இழுக்காத குறை. “மேடம், முன்பணம் வாங்கினது, நோட்டீஸ் வந்தது...” என்றார் மெல்ல. சங்கரவடிவு உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு பிச்சையா பக்கம் வந்தது. மூன்று மாதத்தில் நயினார் கிரயம் செய்துகொடுக்க வேண்டும். மீதிப் பணத்தைப் பிச்சையா அந்த வாரமே கோர்ட்டில் கட்டிவிட்டார். நயினார் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பதிவுக்கும் வரவில்லை. மூன்று மாதம் முடிந்தது.

இருதயராஜ் நிறைவேற்று மனுவைத் தயார் செய்தார். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வரைவுக் கிரயப் பத்திரமும் கூடவே இருந்தது, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

“அவர் வராட்டி என்ன மேடம், அவருக்குப் பதிலா கோர்ட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரும். பத்திரம் பத்திரம்தான்.”

சங்கரவடிவு வரைவைப் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க சார்” என்றார். மனுவில் கையெழுத்துப் போட வந்திருந்த பிச்சையாவிடம் திரும்பினார்.

“தீர்ப்பு வந்த பிறகு நீங்க அவரை நேர்ல கூப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. கேஸ்ல ஜெயிச்சவன் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?”

“ஒரு தடவை போய்க் கூப்பிட்டுட்டு வாங்க. பேப்பர் எதுவும் கொண்டுபோக வேண்டாம்.”

பிச்சையா போனார். மத்தியானம் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னார்?” என்றார் இருதயராஜ்.

“திட்டினாங்க. பந்தல் கதையைக் கோர்ட்டுல சொல்லி ஊரே பேசும்படி வச்சிட்டேன்னு. உங்க வக்கீல் கேட்டதனாலதான சொன்னேன்னு சொன்னேன். உள்ள போயிட்டாங்க. கிளம்பும்போது அவங்க சம்சாரம் மதினி வந்து, நாளைக்குக் காலையில வருவாக, நீங்க போங்கன்னாங்க.”

மறுநாள் ஒன்பதரைக்கே நயினார் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். கட்டை விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்துப் பிச்சையாவின் பக்கம் நீட்டினார்.

“ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணும். ரெண்டு தடவை அமுக்கணும்.”

“சரி அண்ணாச்சி.”

அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

சங்கரவடிவும் இருதயராஜும் கோர்ட்டுக்கு நடந்தார்கள். பாதி தூரத்தில் இருதயராஜ் கேட்டார்.

“மேடம், அன்னைக்கு நயினாரோட வக்கீல், ஏன் போகலன்னு கேக்காம உக்காந்திருந்தா?”

“தோத்திருப்போம்.”

“பந்தல் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா அவரை வெறுங்கையோட கூண்டுல ஏத்தினீங்க? நான் சொன்னது பொய்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா அது கேஸைக் காப்பாத்துற பொய். அதுல என்ன கெட்டுப்போயிருக்கும்?”

சங்கரவடிவு நின்றார்.

“அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவரு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னிருந்தா, பேராச்சியம்மாவுக்குப் பந்தல் போட்டது யாரு சார்?”