விரிசல் இல்லாத சுவர்

ஒரு காட்டில் பெரிய கரையான் புற்று இருந்தது. அதற்குள் நீண்டு வளைந்த ஒரு பாதை. பாதைச் சுவருக்கு அப்பால் கட்டெறும்புகள் குடியிருந்தன. கரையானைக் கண்டால் விடாத கூட்டம் அது! நடுவில் இருந்தது அந்த ஒரு மண்சுவர்தான்.

சுவரில் விரிசல் கண்டவர்கள் "விரிசல்!" என்று கத்துவார்கள். முத்தாண்டி என்ற கரையான் ஓடிவந்து, புது மண் ஒட்டுவதற்காக எச்சிலால் பழைய மண்ணைக் கரைத்துவிட்டுப் போவான். பிறகு செம்மி என்ற கரையான் வந்து புது மண் பூசுவாள். கூப்பிட்டால் கரைப்பது, அதுதான் முத்தாண்டிக்குத் தெரிந்த வேலை. ஏன், எதற்கு என்று அவன் கேட்டதே இல்லை.

பாதையின் ஒரு மூலையில் உருளன் என்ற கரையான் குந்திக்கொண்டான். வேலை செய்யமாட்டான், தின்பான். அவன் பிள்ளைகளும் அப்படியே. ஒருவர்மேல் ஒருவர் ஏறி மொத்தையாகத் திரண்டார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே!" என்று எல்லாரும் சும்மா இருந்தார்கள்.

இடம் போதவில்லை. சுவரைக் கரைக்கும் எச்சில் உருளனிடம் இல்லை. கத்த வாய் இருந்ததே! "விரிசல்! விரிசல்!" என்றான். முத்தாண்டி வந்தான், கரைத்தான், போனான். அந்தப் பள்ளத்தில் உருளன் குடும்பம் போய் அடைத்துக்கொண்டது. மறுநாளும் அதே கூப்பாடு.

செம்மி மண்ணுருண்டையோடு வந்தால் பூச இடமில்லை. ஒருநாள் அவர்களை விலக்கிவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் சரசரவென்று கால்கள்! உள்ளறையில் அவளுடைய குஞ்சுகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"முத்தாண்டியண்ணே! விரிசலைக் கண்ணால பாத்தீங்களா?"

"கூப்பிட்டாங்க, கரைச்சேன்!"

"எறும்புச் சத்தம் கேக்குதுண்ணே! சுவரு சருகாட்டம் இருக்கு!"

"பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தான் உருளன். "இன்னும் ஒரே ஒரு வாய் கரைங்கண்ணே!"

பழக்கதோஷம்! முத்தாண்டிக்கு வாய் ஊறிவிட்டது. துப்பினான்.

சுவரில் ஓட்டை விழுந்தது. ஒரு கட்டெறும்பின் தாடை உள்ளே நீண்டது. சுவரில் சாய்ந்திருந்த உருளனைத்தான் முதலில் கவ்வி இழுத்தது. அவன் அலறல் பாதியில் நின்றது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஓட்டையில் இன்னொரு தாடை!

செம்மி தன் தலையையே ஓட்டைக்குள் நுழைத்தாள். "பூசுங்கண்ணே! என்னையும் சேத்துப் பூசுங்க!"

கரைக்க மட்டுமே தெரிந்த முத்தாண்டி அழுதுகொண்டே பூசினான். குஞ்சுகள் பிழைத்தன. செம்மி திரும்பி வரவில்லை.

இப்போதெல்லாம் "விரிசல்!" என்று குரல் கேட்டால், முத்தாண்டி முதலில் சுவரைத் தொட்டுப் பார்க்கிறான். செம்மி புதைந்த அந்த மூலைக்கு வந்தால் மட்டும் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறான்.

நம்முள்ளே திரளும் கேட்டைச் சிறிதாக இருக்கும்போதே விலக்காமல், அது கேட்டதையெல்லாம் செய்துகொடுத்தால், நம்மைக் காக்கும் சுவரை நாமே கரைத்துவிடுவோம்.