மைனர் வர்றார்!

ஜமீன் வீட்டுப் பிள்ளை சபாபதிக்குப் பட்டு ஜிப்பாவும் அதற்கு மேலே தொங்கிய தங்கச் சங்கிலியும் போதவில்லை. ஊரே தன்னை மைனர் என்று கூப்பிட வேண்டுமாம். தன் வண்டிக்காரன் பெத்தபெருமாளைக் கூப்பிட்டான். “தெருவுக்குத் தெரு ‘மைனர் வர்றார்’னு கத்திக்கிட்டே ஓட்டு. எங்கேயாவது நிறுத்தினே, வேலை போச்சு!”

பெத்தபெருமாள் கத்தினான். வயசுப் பெண் இருந்த வீட்டிலெல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

“பார்த்தியா, எவ்வளவு மரியாதை!” என்று பூரித்தான் சபாபதி.

“பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன் எசமான்” என்றான் பெத்தபெருமாள். கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிம்மதியாக வெற்றிலை போடக்கூட வழியில்லை.

தை மாதம் பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டார்கள். பெண் வீட்டுத் தெரு வந்ததும் சபாபதி முன்னால் குனிந்து, “இங்கே வேண்டாம்டா” என்று கிசுகிசுத்தான்.

“நிறுத்தினா வேலை போயிடுமே எசமான்!” என்ற பெத்தபெருமாள், இருந்த தொண்டையையெல்லாம் திரட்டி, “மைனர் வர்றார்!” என்று கூவினான்.

படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு வாசலில் மட்டும் பெண்ணின் அப்பா நின்றார்.

“மாப்பிள்ளை வர்றதாத்தானே சொன்னாங்க?” என்றார்.

சபாபதி அவசரமாகச் சங்கிலியை ஜிப்பாவுக்குள் தள்ளினான். “மைனரா? அப்படி யாரும் இந்த வண்டியில வரலீங்க. நான் சபாபதி.”

பெத்தபெருமாள் பவ்யமாகத் திரும்பினான். “அப்போ இனிமே கத்த வேண்டாமா எசமான்?”

“வாயே திறக்காதே!”

உள்ளே பெண் சிரிப்பது கேட்டது.

கல்யாண ஊர்வலத்துக்கும் பெத்தபெருமாள்தான் வண்டி ஓட்டினான், வாய் நிறைய வெற்றிலையோடு.