விளைவு கண்ட ஐயாறனார்

ஆற்றுநீர் கடைசியாகச் சென்று சேரும் திருவிளைநல்லூரில், கயிறு பிடிக்கும் வேலை செய்து பிழைத்தவர் ஐயாறனார். இடுப்பில் ஒரு அரிவாள், தோளில் ஒரு சுருள் கயிறு, கையில் ஒரு மூங்கில் கோல். விடியலில் ஊரில் கோயில்கொண்ட விளைகாத்த நாதரை வாசலில் நின்றே கும்பிடுவார். உள்ளே போக அவருக்குக் கூச்சம். சேறு படிந்த காலோடு எப்படிப் போவது என்பார். பிறகு ஐந்தெழுத்தை முணுமுணுத்துக்கொண்டே வயலில் இறங்குவார்.

அறுவடைக்கு முன் ஊரின் விளைவு எவ்வளவு என்று கண்டு சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் அரசர் வரி விதிப்பார். எல்லா வயலையும் அறுத்து அளந்து பார்க்க யாராலும் ஆகாது. எனவே ஊரில் உள்ள ஒவ்வொரு வயலின் பெயரையும் ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கிச் சிலவற்றை எடுப்பார்கள். வந்த வயலுக்குப் போய்க் கண்ணை மூடிக் கோலை எறிவார்கள். கோல் விழுந்த இடத்தில் கயிற்றைச் சதுரமாகக் கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, அளப்பார்கள். அந்தச் சில சதுரங்களே ஊர் முழுவதற்கும் சாட்சி. ஓலை எடுப்பதும், கோல் எறிவதும், கயிறு கட்டுவதும் ஐயாறனாரின் வேலை. ஓலை எழுதுவதும் கணக்கிடுவதும் ஊர்க் கணக்கன் இளங்காரியின் வேலை.

இளங்காரி கெட்டிக்காரன். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் ஒரு மா நிலத்துக்கு எத்தனை கலம் நெல் தேறும் என்று சொல்லிவிடுவான். பக்தியும் உள்ளவன்தான். சன்னதியில் நந்தாவிளக்கு ஒன்று அவன் பெயரால் எரிந்தது. ஆனால் ஒரு திருவாதிரை நாளில் சிவாசாரியார் இறைவன் சூடிய மாலையை எடுத்துவந்தபோது, முன் வரிசையில் நின்ற இளங்காரியைக் கடந்துபோய், வாசலில் நின்ற ஐயாறனாரின் கழுத்தில் போட்டார். மாலை தனக்கே என்று இளங்காரி தலையைக் குனிந்து நீட்டியிருந்தான். குனிந்த தலையை நிமிர்த்த அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐயாறனார் எப்படி நடக்கிறார், எப்படிக் கும்பிடுகிறார் என்று கவனித்தான். அவரைவிட அகலமாக நீறு பூசினான், அவரைவிட அதிக நேரம் கண்மூடி நின்றான். கண்ணை மூடினால் இறைவன் தெரியவில்லை. அந்த மாலைதான் தெரிந்தது.

ஒருமுறை கோல் உவர்மண் திட்டில் போய் விழுந்தது. கதிர் என்று சொல்ல ஒன்றும் இல்லாத மொட்டை இடம்.

"ஐயாறா, ரெண்டு முழம் தள்ளிக் கட்டு. இங்கே என்னத்தை அறுப்பே?" என்றான் இளங்காரி.

"சாமி காட்டின இடம் ஐயா. நல்லாருக்கற இடமாப் பாத்துத் தள்ளிக் கட்டினா, அப்புறம் அது என் ஆசைதானே, ஊர் விளைச்சல் இல்லையே."

சொல்லிவிட்டு அந்த மொட்டைத் திட்டை வணங்கி, கயிற்றை ஒரு விரல்கூட நகர்த்தாமல் கட்டினார். இன்னொருமுறை சதுரத்துக்குள் நாகம் ஒன்று சுருண்டு கிடந்தது. இளங்காரி வரப்புக்கு ஓடிவிட்டான். இவரோ அது தானாக எழுந்து போகும்வரை கைகட்டிக் காத்திருந்துவிட்டு அறுவடை செய்தார். அன்று வீட்டில் இந்தக் கதையைக் கேட்ட இளங்காரியின் மனைவி பொன்னி, "அதனாலதான் அவர் கட்டின கயிறுன்னா ஊரே பேசாம ஒத்துக்குது" என்றாள். அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

பிறகு ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் அரைகுறையாகவே வந்தது. தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயல்கள் பச்சைப்பசேலென்று நின்றன; கடைசியில் பாயும் கடைமடை வெடித்துக் கிடந்தது. ஓலை எழுத உட்கார்ந்த இளங்காரிக்கு அந்தப் பொல்லாத எண்ணம் அப்போதுதான் வந்தது. கடைமடை வயல்களின் ஓலைகளை எழுதினான். எழுதியதை அடுப்பில் போட்டான். 'குடத்தில் இருப்பதைத்தானே அவன் எடுக்கவேண்டும்? விளைவு தப்பாகட்டும். அவன் கை இறைவன் கை என்கிறார்களே, அந்தக் கையை ஊரே தூற்றட்டும்.' கடைமடைக் குடிகளின் முகம் ஒருகணம் நினைவில் வந்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அதைத் தள்ளிவிட்டான்.

ஐயாறனார் எடுத்த ஓலை எல்லாம் தலைமடையாகவே வந்தன. "கடைமடைப் பக்கமே வரலியே" என்று ஒருமுறை சொன்னார். பிறகு குடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்க் கயிறு கட்டினார். கதிர் செழித்த சதுரங்கள்! விளைவு ஏராளம் என்று கணக்கு எழுந்தது. வரி அதற்கேற்ப ஏறியது.

கடைமடைக் குடிகள் கொதித்து வந்தார்கள். "விளையாத பூமிக்கு எங்கேந்துய்யா நெல்லு அளப்போம்? அடியாராம் அடியார்!" என்று கோலை முறித்தார்கள், கயிற்றை அறுத்து எறிந்தார்கள். ஊர்ச் சபையார் ஐயாறனாரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. "சாமி தப்பா எடுக்கமாட்டார். என் கையிலதான் எங்கேயோ அழுக்கு இருந்திருக்கு" என்றார். வீட்டிலிருந்த விதைநெல்லைக்கூட மனைவி நங்கையாரும் அவருமாகச் சுமந்துபோய்க் கடைமடை வீடுகளில் கொடுத்துவிட்டு, இருவரும் கோயில் மதிலோரம் முளைத்த கீரையை வேகவைத்து உண்டார்கள்.

இளங்காரிக்கு இனி நிம்மதி வந்திருக்கவேண்டும். சில நாள் வந்தது. பிறகு ஒரு காலையில் கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஐயாறனாரைக் கண்டான். உடம்பு இளைத்து எலும்பு தெரிந்தது. ஆனால் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சன்னதியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, வேண்டியவரைத் தெருவில் கண்டவன் சிரிக்கும் சிரிப்பு. இளங்காரியின் வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று, அது மட்டும் அவரிடமே இருக்கிறதே!

அந்த எரிச்சலோடு வரி தண்டக் கடைமடைக்குப் போனான். உச்சிவெயில். வெடித்த வயல் ஒன்றின் நடுவில், கோவணமும் நீறுமாக ஒரு குடியானவர் நின்றிருந்தார்.

"கணக்கரே, என் வயலுக்கு ஓலை போட்டீரா?"

"எது உன் வயல்?"

"இதோ, நான் நிக்கறேனே, இதுதான்."

இளங்காரி சுற்றிப் பார்த்தான். இறைவனுக்கு உச்சிக்கால அமுது படைக்க விட்ட நிலம் அது. "இது கோயில் நிலமாச்சே. உனக்கேது?"

"கோயில்ல இருக்கறவனுக்குத்தானே அது? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றீங்க. கிளறாம மேலாப்புல எடுத்தா, அடியில கிடக்கறவன் கதி என்ன? ஊர்க்குடத்துல எனக்கு இடமில்லேன்னுட்டியே அப்பா."

வந்தவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இளங்காரியை நடுங்கவைத்தது.

"ஐயாறன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் கயிறு கட்டின சதுரம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் நான் நின்னேன்னு சொல்லு. மொட்டைத் திட்டுலயும் நின்னேன்."

"நானா சொல்லணும்?"

"நீதான்."

கண்ணில் வழிந்த வியர்வையை இளங்காரி துடைத்துவிட்டுப் பார்த்தபோது வயலில் யாருமில்லை. சுற்றிலும் மரமே இல்லாத அந்தப் பொட்டலில் வில்வம் மணத்தது.

நேரே சபைக்கு ஓடினான். ஓலைகளை எரித்ததையும் உச்சிவெயிலில் கண்டதையும் எல்லோர் முன்னும் சொல்லி அழுதான். ஏசினார்கள்; ஒருவர் காறித் துப்பினார். கோயில் நிலத்தில் வந்து கேட்டவர் யார் என்று அறிந்த பிறகு ஊரே அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டது. அரசரின் அதிகாரியிடம் முறையிட்டு வரியை நிறுத்திவைத்தார்கள். ஓலைகளைப் புதிதாக எழுதி எடுக்க ஐயாறனாரையே அழைத்தார்கள். இவ்வளவும் நடந்தது. ஆனால் சொல்லச்சொன்ன அந்த ஒரு செய்தியை மட்டும் இளங்காரி சொல்லவில்லை. குற்றத்தைச் சொல்ல வாய் வந்தது. ஐயாறனாருடைய பெருமையைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லா வயலும் அடங்கிய குடத்தில் ஐயாறனார் கைவிட்டார். முதலில் வந்தது இறைவனின் அந்தக் கடைமடை வயலே. ஊரார் பின்தொடர அவர் போய்ப் புதிய கோலை எறிந்தார். அறுந்த இடங்களில் முடிச்சிட்ட பழைய கயிற்றை விரித்து, வெடித்த மண்ணில் மண்டியிட்டு, "இத்தனை நாள் உன்னைப் பாக்காம விட்டுட்டேனே" என்று அந்த நிலத்திடம் மன்னிப்புக் கேட்டார். அந்த முதுகு குனிந்ததைப் பார்த்ததும் இளங்காரியால் தாங்கமுடியவில்லை.

"ஐயாறா, உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன். அவர் சொல்லச்சொன்னார், நான் மறைச்சேன்." என்றான். "நீ கயிறு கட்டின ஒவ்வொரு சதுரத்துக்குள்ளயும் அவர்தான் நின்னாராம். மொட்டைத் திட்டுலயும்."

ஐயாறனார் மெல்ல எழுந்தார். தம்மைப் பற்றிய அந்தச் செய்தி அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"ஊரார் சொன்னது நிசந்தானா, உங்களைத் தேடியா வந்தார்? உச்சிவெயில்லயா? செருப்பு போட்டிருந்தாரா ஐயா? குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா?"

"கொடுக்கத் தோணலியே ஐயாறா."

"பரவால்ல ஐயா, பரவால்ல. கண்ணால பாத்தீங்களே! நான் ஆயுசு பூரா தேடறேன். அவர் உங்ககிட்ட நின்னு பேசியிருக்கார். எப்பேர்ப்பட்ட பாக்கியம் ஐயா உங்களுக்கு!" என்று இளங்காரியின் காலில் விழுந்து, இறைவனைக் கண்ட கண்களுக்கு உரியவர் என்று ஆனந்தத்தால் அழுதார்.

இளங்காரி அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். தன் நெஞ்சில் வருடக்கணக்காகக் குடியிருந்த ஒன்றை அங்கே தேடினான். அதன் சாயல் எப்படியிருக்கும் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு மூலையிலாவது இருக்கும் என்று பார்த்தான். இல்லை. அவனுள்ளே எரிந்துகொண்டிருந்த அது அந்தக்கணமே அணைந்தது.

அப்போது கயிற்றுச் சதுரத்துக்குள் ஒளி ஒன்று எழுந்தது. உமையம்மையோடு விளைகாத்த நாதர் அந்த வெடித்த மண்ணில் நின்று, "கயிறு பிடித்த அன்பனே, பிறர் பேற்றைத் தன் பேறாக மகிழ்ந்தாய். எம்மோடு இரு" என்று அருளியதை ஊரார் அனைவரும் கேட்டார்கள். ஐயாறனார் பதறி, "சாமி, அறுப்பு பாக்கி இருக்கே" என்றாராம். இறைவன் நகைத்து, முடித்துவிட்டு வா என்று மறைந்தார்.

முறையாக விளைவு கண்டார்கள். வரி நேரானது, கடைமடை அடுப்புகள் புகைந்தன. அதன்பின் பல அறுவடைகள், கயிற்றின் ஒரு நுனியை ஐயாறனாரும் மறு நுனியை இளங்காரியும் பிடித்தார்கள். வயது முதிர்ந்த ஒரு தை மாதத்தில், கட்டிய சதுரத்தின் நடுவே அமர்ந்தபடியே ஐயாறனார் இறைவன் திருவடி சேர்ந்தார்.

அடுத்தவர் வாசலில் இறைவன் வந்து நின்றாலும் தம் வாசலில் நின்றதுபோல் களித்த அந்தத் தூய உள்ளத்துக்கு நம் வணக்கம்.