கையெழுத்தில் கிடைக்கவிருந்த கோப்பை

சோவியத் நாட்டில், வோல்கா நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில், ஒரு செங்கல் ஆலை. ஆலைக்கென்று ஒரு கால்பந்து அணி. பகலில் செங்கல் சுட்டவர்கள் மாலையில் பந்தாடினார்கள். இரண்டு வேலையிலும் முகம் சிவந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

பயிற்சியாளர் லுக்யானுக்கு வயது முப்பத்துநான்கு. அணித்தலைவர் தெமீத் அவரைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் பந்து விஷயத்தில் லுக்யான் சொல்வதுதான் தெமீத்துக்கு வேதவாக்கு.

அந்த ஆண்டு வட்டாரப் போட்டியில் அன்று அவர்களுக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. இல்லாவிட்டால் அது பக்கத்து ஊருக்குப் போய்விடும். தெமீத்தின் முழங்கால் தேய்ந்திருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பிறகு ஆடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்பது வருடமாக எட்டாத கோப்பை இந்த முறையாவது கிடைக்காதா என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

எதிரணி வரவில்லை. அது ஒரு கூட்டுப்பண்ணை அணி. இரண்டு நாளாக மழை. அரை மணி நேரம் கழிந்ததும் நடுவர் ஒரு தாளை நீட்டினார்.

"விதிப்படி வெற்றி உங்களுக்குத்தான். தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும்."

தெமீத் பேனாவைத் திறந்தார். லுக்யான் அதை மெதுவாக வாங்கித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்."

"எதற்கு?"

"வருவார்கள்."

வந்தார்கள். லாரி வழியில் புதைந்துவிட்டதாம். பதினொரு பேரும் காலணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சேற்றில் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார்கள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் தோழர்களே, காக்க வைத்துவிட்டோம்" என்றார் அவர்களுடைய கோல்கீப்பர்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. செங்கல் ஆலைக்கு அந்த ஒரு கோலைப் போட்டவர் தெமீத். கடைசிப் பத்து நிமிடமும் நொண்டிக்கொண்டே ஓடினார். ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஆனால் கோப்பை போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் மைதானத்தின் நடுவில் நின்று ஒன்றுக்கொன்று உரக்க வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். உள்ளூர் அணித்தலைவர்தான் முதல் குரல் கொடுக்க வேண்டும். தெமீத் வாயைத் திறக்கவில்லை. விறுவிறுவென்று உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்.

லுக்யான் பின்னாலேயே போனார்.

"வீடு தேடி வந்த கோப்பையை விரட்டிவிட்டீர்கள். இதில் அவர்களுக்கு நான் வணக்கம் வேறு சொல்ல வேண்டுமா?"

"இந்த வருடம் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள், தெமீத்?"

"பதினெட்டு."

"சேற்றைப் பார்த்துவிட்டு அவர்கள் அப்படியே திரும்பிப் போயிருந்தால்?"

காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பதினேழு" என்றார் தெமீத்.

தெமீத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாடாவை மறுபடி கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் நிற்கிறார்களா?"

"நிற்கிறார்கள். தலைவர் குரல் கொடுக்காமல் எப்படிப் போவார்கள்?"

"நான் என்னவென்று சொல்வது?"

"எப்போதும் சொல்வதுதான். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். பாவம், திரும்பவும் நடந்தே போக வேண்டும். வீடுவரை காதில் கேட்கட்டும்."