செம்பனுக்கு எத்தனையாவது இடம்?

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அங்கே குத்துச்சண்டை என்றால் ஜனங்கள் அடுப்பில் சோறு தீய்வதைக்கூட மறந்துவிட்டு ஓடுவார்கள். ராஜா சிங்கவளவருக்கும் அதே பைத்தியம்தான்.

கோட்டை மைதானத்து வாசலில் பழைய காலத்து வீரர்கள் ஐந்து பேருக்குக் கற்சிலைகள் வரிசையாக நின்றன. முதல் சிலை ராஜாவின் தாத்தா. இரண்டாவது, படைத்தலைவர் உக்கிரசேனரின் பாட்டனார். இப்போது களத்தில் இருந்தவன் செம்பன்; சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவரின் மகன். ஏழு வருஷமாக ஒருவரிடமும் தோற்றதில்லை.

ஒருநாள் அவன் அயல்நாட்டு வீரன் ஒருவனை நான்கே குத்தில் சாய்த்தான். ராஜா பூரித்துப்போய், "செம்பனுக்கும் ஒரு சிலை வைப்போம்" என்றார். மறுகணமே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஆனால் வரிசையில் எத்தனையாவது இடத்தில்?"

அவ்வளவுதான், அரசவை சந்தைக்கடை ஆகிவிட்டது. "அந்தக் காலத்தில் தினமும் சண்டை. இவன் மாதம் ஒருமுறைதான் களம் இறங்குகிறான்" என்றார் ஒரு மந்திரி. "இவன் தோற்றதே இல்லையே" என்றார் இன்னொருவர். "யாரிடம் தோற்பான்? நோஞ்சான்களாகப் பார்த்தல்லவா மோதுகிறான்" என்றார் அரண்மனைப் புலவர். அவர் தம் வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்தவர் அல்ல.

உக்கிரசேனர் மட்டும் பேசாமல் இருந்தார். அவருடைய மருமகனைச் செம்பன் இரண்டு முறை வீழ்த்தியிருந்தான். விகடகவி திருமேனி மீதும் அவருக்குத் தீராத பொறாமை. ராஜா அவனோடு சிரிக்கும் அளவுக்கு வேறு யாரோடும் சிரிப்பதில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுவதற்கு வழி தெரிந்ததும் அவர் எழுந்தார்.

"அரசே, இதைத் திருமேனியாரே சாட்சியோடு தீர்த்துவைக்கட்டும். மூன்று நாள் தவணை. சொல்ல முடியாவிட்டால், செம்பனிடம் ஒரு குத்து வாங்கட்டும். செம்பனின் பெருமைக்கும் சாட்சி இல்லை என்றாகும். ஆகவே அவன் மைதானத்தை என் மருமகனுக்கு விட்டுப் போகட்டும்."

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜா சரி என்று சொல்லிவிட்டார்.

செம்பனை முதலிடத்தில் வைத்தால் ராஜாவின் தாத்தாவுக்கு அவமானம். கடைசியில் வைத்தால் செம்பனுக்கு அநியாயம். நடுவில் வைத்தால் சாட்சி எங்கே என்று உக்கிரசேனர் விடமாட்டார். திருமேனியோ முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியது போல இருப்பவன். அவன் மைதானத்துக்குப் போனான். செம்பன் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டை கிழிந்து மணல் கொட்டியது.

"பயப்படாதீங்கய்யா, உங்கள மெதுவாத்தான் குத்துவேன்" என்றான் செம்பன்.

"மெதுவாக என்றால்?"

"மூணு நாள்ல எந்திரிச்சிருவீங்க."

திருமேனி ஓரடி தள்ளி நின்றான். செம்பன் முட்டியில் சுற்றியிருந்த கைத்துணியை அவிழ்த்தபடி, "சிலையெல்லாம் எனக்கு எதுக்குங்க? களத்த விட்டுத் துரத்திட்டாங்கன்னா திரும்பக் காளவாய்க்குத்தான் போகணும். அந்தப் புகையிலதான் எங்கப்பா இருமி இருமிச் செத்தாரு" என்றான்.

திருமேனி கொட்டிய மணலைப் பார்த்தபடி, "ஒருவன் குத்து எவ்வளவு பெரியது என்று யாருக்கப்பா சரியாகத் தெரியும்?" என்று கேட்டான்.

"வாங்குனவனுக்குத்தான்."

திருமேனி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் அவை கூடியது. செம்பன் ஒரு தூண் அருகே நின்றான்.

"அரசே," என்றான் திருமேனி, "இரண்டு மாம்பழத்தில் எது இனிப்பு என்று சொல்ல, இரண்டையும் தின்றிருக்க வேண்டும். அதுபோல, பழைய வீரரிடமும் செம்பனிடமும் குத்து வாங்கியவர்தான் இதற்குச் சாட்சி. நம் அவையில் இத்தனை பேர் இவ்வளவு உறுதியாகப் பேசினார்கள். கட்டாயம் வாங்கியிருப்பார்கள். முன்னே வரட்டும்."

ஒருவரும் அசையவில்லை.

"பாதி சாட்சியாவது தேவை. படைத்தலைவரே, தங்கள் பாட்டனார் தங்களைக் குத்தியதுண்டா?"

"இல்லை. அவர் நான் பிறக்குமுன்பே காலமானார்."

"அப்படியென்றால் செம்பனின் குத்தையாவது வாங்கிக்கொண்டு அதன் கனத்தைச் சொல்லுங்கள்."

செம்பன் பணிவாக இரண்டு அடி முன்னே வந்தான். உக்கிரசேனர் மூன்று அடி பின்னே போனார். "எனக்கு இதில் அபிப்பிராயம் ஏதும் இல்லை" என்றார். புலவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மந்திரிக்கு ஓர் அவசர வேலை நினைவுக்கு வந்தது.

ராஜா தொடையைத் தட்டினார். "அவையில் ஒரு சாட்சிகூட இல்லையா?"

"ஒரே ஒருவர் இருக்கக்கூடும், அரசே. தங்கள் தாத்தா தங்களைக் கைநீட்டி அடித்ததுண்டா?"

ராஜாவின் கை தானாகவே தலைக்குப் போனது. "ஆறு வயதில் அவருடைய கைத்துணியை ஒளித்துவைத்தேன். ஒரு குட்டு வைத்தார். அப்பா! இரண்டு நாள் தலையணையில் தலை வைக்க முடியவில்லை."

"பாதி சாட்சி கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்குத் தாங்கள் செம்பனிடம் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டால், இப்போதே தீர்ப்புச் சொல்லிவிடலாம்."

ராஜா செம்பனின் கைமுட்டியைப் பார்த்தார். திருமேனியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார்.

"வேண்டாமப்பா. இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். களத்தில் ஆடுகிறவனுக்கு இப்போதே எதற்குக் கல்? அவன் ஆடும்வரை மைதானம் அவனுக்கே. செம்பா, சிலைக்குப் பதிலாக வேறு ஏதாவது கேள்."

செம்பன் தலையைச் சொறிந்தான். "அடுத்த மாசம் மலைநாட்டுக்காரன் ஒருத்தன் வர்றான், மகாராசா. பழகுறதுக்கு எதிர்ல நிக்க ஒரு ஆளு குடுத்தாப் போதும்."

அவையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். திருமேனியைக் காணோம், அவன் சிம்மாசனத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே, தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையையும் முத்து மாலையையும் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்டினார். ஒரு மெல்லிய கை வெளியே வந்து அவற்றை வாங்கிக்கொண்டது.