பத்தொன்பது கிடாரிகளுக்கு ஒரு காளை

இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்து மூன்று.

குருவின் பெயர் பிலோமினா. மலேசியாவில் பகாங் பக்கத்து, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் கறிக்காக மாடு வளர்க்கிறவர்கள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. எந்தப் பசுவுக்கு எந்த இனக் காளை பொருந்தும் என்று பார்த்துச் சேர்ப்பதில் அவரை மிஞ்சிய ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

இன்னாசிமுத்து தோட்டத்தில் லோரிகளை நிறுக்கும் எடைப் பாலத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடு வாங்கியது அதற்குப் பிறகு. டீச்சரிடம் சீடராகச் சேர்ந்தது, மூன்று கிடாரிகளைப் பறிகொடுத்த பிறகு.

ஒரு புதன்கிழமை மதியம் அவர் டீச்சரின் கொட்டகைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

டீச்சர் வெளியே வந்தார். வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை மாவுக்கட்டு.

“கைக்கு என்ன ஆச்சு, டீச்சர்?”

“ஞாயித்துக்கிழமை கால் வழுக்கிக் கால்வாயில விழுந்துட்டேன். அது கிடக்கட்டும். வந்த விஷயத்தைச் சொல்லுங்கண்ணே.”

“நாளைக்கு லோரி வருது.”

“தெரியும்.”

“மாடு வளக்கிறவங்க சங்கத்துல மூணு பொலிகாளை வச்சிருக்காங்க. எது வேணும்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டேன். இப்பவும் சொல்லலேன்னா மூணும் வேற தோட்டத்துக்குப் போயிடும். இந்த வருஷம் பூரா எம்மாடுங்க சும்மா நிக்க வேண்டியதுதான்.”

“மூணும் எப்படி?”

இன்னாசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

“வெள்ளை, சரோலே. கன்னு மளமளன்னு எடை போடும். ஆனா பொறக்கும்போதே பெரிசு. சாம்பல், பிராமன். வெயில் தாங்கும், உண்ணி அவ்வளவா ஏறாது. ஆனா முரடு. கறுப்பு, பிரங்கஸ். கொம்பு கிடையாது. கன்னு சின்னதா இறங்கும். ஆனா வளந்தப்புறம் வெள்ளைக் காளைக் கன்னு அளவுக்கு எடை நிக்காதுங்கிறாங்க.”

“எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே.”

“தெரிஞ்சு என்ன பண்றது? எதுல ஆபத்தே இல்லையோ அதைச் சொல்லுங்க, டீச்சர். அது போதும்.”

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, பாதியில் அறுந்துபோகிற முனகல்.

இன்னாசிமுத்து இரண்டடி பின்னால் போனார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் யாரையும் கேட்காமல் ஒரு வெள்ளைக் காளையைச் சேர்த்தார். அவருடைய கிடாரிகள் ஒல்லியான உள்ளூர்க் கெடா-கிளந்தான் இனம். ஆறு கிடாரிகள் சினை பிடித்தன. ஈனும் காலம் வந்தபோது மூன்று கிடாரிகள் தப்பித்தன. ஒன்று கன்றோடு செத்தது. ஒன்று கன்றைப் போட்டுவிட்டுச் செத்தது. மூன்றாவது காலையிலிருந்து மாலை வரை முக்கியது. மிருக வைத்தியர் வருவதற்குள், தலையை இன்னாசிமுத்துவின் மடியில் வைத்தபடியே அடங்கிப்போனது. அந்தத் தலையின் கனம் இன்னும் அவர் தொடையில் இருந்தது.

“அண்ணே, உள்ள வாங்க,” என்றார் டீச்சர்.

“நான் இங்கயே நிக்கிறேன்.”

“தலைச்சன் ஈத்து. நீர்க்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு.”

“எந்தக் காளையோட கன்னு?”

“கறுப்பு.”

“சின்னக் கன்னுதானே? தானா இறங்கிடும்ல?”

“ஒரு காலு வந்திருக்கு. இன்னொண்ணைக் காணோம்.”

“வைத்தியருக்குப் போன் போட்டீங்களா?”

“போட்டேன். ரவுப் டவுன்ல இருக்காரு. வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“அதுவரைக்கும்?”

டீச்சர் மாவுக்கட்டுக் கையைச் சற்றே தூக்கிக் காட்டினார்.

“என்னால முடியாது, டீச்சர்.”

“சரி.”

அவர் வற்புறுத்தவில்லை. திரும்பி உள்ளே போனார். செம்பனை மட்டைகளுக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இன்னாசிமுத்து மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடித்தபடி நின்றார். கிளம்பிவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. உள்ளே மறுபடி முனகல் எழுந்தது. இந்த முறை இன்னும் சீக்கிரமாக அறுந்தது.

அவர் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

செவலைக் கிடாரி பக்கவாட்டில் கிடந்தது. வால் அடியில் ஒற்றைக் குளம்பு மட்டும், வெளிறி, மெழுகு போலத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மூக்கு. நாக்கு நுனி வெளியே தொங்கியது.

“செத்துடுச்சா?” என்றார்.

“நாக்கைக் கிள்ளிப் பாருங்க.”

கிள்ளினார். நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கிடாரியின் பக்கத்தில் மண்டியிட்டார்.

“சோப்புத் தண்ணி அங்க இருக்கு. தோள் வரைக்கும் கழுவுங்க. எண்ணெய் தடவிக்குங்க.”

“பயமா இருக்கு, டீச்சர்.”

“இருக்கட்டும். நகம் வெட்டியிருக்கீங்களா?”

“வெட்டியிருக்கேன்.”

“போதும். மாடு முக்கும்போது கையை வைக்காதீங்க. அது விடும்போது உள்ள போங்க.”

உள்ளே சூடாக இருந்தது. இறுக்கமாக இருந்தது. மாடு முக்கியபோது இடுப்பெலும்பு அவர் மணிக்கட்டை நசுக்கியது. அவர் பல்லைக் கடித்தார்.

“என்ன தெரியுது?”

“தலை. கழுத்து. தோள்பட்டை. அங்கிருந்து கால் கீழ போகுது. முட்டி மடங்கி நிக்குது.”

“கன்னைப் பின்னால தள்ளுங்க.”

“உள்ளயா? வெளிய வர வேண்டியதை உள்ள தள்ளச் சொல்றீங்களே!”

“இடமில்லாம எப்படித் திருப்புவீங்க? தள்ளுங்க.”

அவர் தள்ளினார். கன்று ஒரு சாண் பின்வாங்கியது. விரல்கள் முட்டியைத் தாண்டி, குளம்பைத் தேடிப் போயின.

“கிடைச்சுடுச்சு.”

“குளம்பை உள்ளங்கைக்குள்ள பொத்திக்குங்க. அது கருப்பையைக் கிழிச்சுட்டா தாய் போயிடும். பொத்தினபடியே மேல தூக்கி, முன்னால கொண்டு வாங்க.”

அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னாசிமுத்துவுக்குத் தெரியாது. மழை தகரத்தில் விழுந்தது. ஒருமுறை குளம்பு வழுக்கிப்போனது. ஒருமுறை கிடாரி மூச்சே விடாதது போல இருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

இரண்டாவது குளம்பு முதலாவதின் பக்கத்தில் வந்து நின்றது.

“இப்ப அது முக்கும்போது இழுங்க. நேரா இழுக்காதீங்க, கீழ்ப்பக்கமா இழுங்க.”

மூன்று முக்கலில் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. கறுப்பு. அசையவில்லை. டீச்சர் இடது கையால் மூக்குச் சளியை வழித்து, ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுத் திருகினார். கன்று தும்மியது. தலையை ஆட்டியது.

செவலைக் கிடாரி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பிறகு எழுந்து நின்று கன்றை நக்கத் தொடங்கியது.

இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இன்னாசிமுத்துதான் முதலில் பேசினார்.

“கறிக்குத்தானே வளக்குறோம், இதுக்கு ஏன் இப்படி உருகுறேன்னு என் மச்சான் கேக்குறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எழுந்து வந்துட்டேன்.” பிறகு கன்றைப் பார்த்து, “கறுப்புக் காளைன்னா ஆபத்து இல்லேன்னு நெனச்சேன், டீச்சர்,” என்றார்.

“நானும் அதுக்காகத்தான் கறுப்பைச் சேத்தேன்.”

“அப்படியும் கால் மடங்கிடுச்சே.”

“மடங்கிடுச்சு.”

“இதே கன்னு வெள்ளைக் காளையோடதா இருந்திருந்தா?”

“கன்னைப் பின்னால தள்ள இடம் இருந்திருக்குமா? கைய விட்டுப் பாத்தவர் நீங்கதான்.”

இன்னாசிமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். இடுப்பெலும்பு அழுத்திய இடம் சிவந்திருந்தது.

“மணி நாலே கால்,” என்றார் டீச்சர். “உங்க கிடாரிங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“கிடாரிங்களையா? காளையைப் பத்தித்தானே கேட்டேன்.”

“பத்தொன்பதையும் சொல்லுங்க.”

அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தொடங்கினார். நெற்றிச்சுட்டி முன்பக்கம்தான் அகலம், பின்னால் ஒடுங்கிப்போகும். ஒற்றைக் கொம்பி இடுப்பு விரிந்தது, ஆனால் இடது பின்னங்காலைத் தாங்கி நடக்கும். அக்கா தங்கை இரண்டும் ஒரே உயரம், அக்காவுக்கு மட்டும் வால் பக்கத்து எலும்பு இரண்டு விரல் கூட. மயிலைக்கு வயது போதாது. கருவாச்சிக்குச் சுவரைக் கண்டால் மிரட்சி, கட்டிவைத்தால் தீனி எடுக்காது. பத்தொன்பதையும் அவர் சொன்னார். எதற்கும் யோசிக்க நிற்கவில்லை. இடுப்பகலத்தைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய விரல்கள் தானாக விரிந்து காற்றில் அளந்தன.

சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது.

“வெள்ளைக் காளையோட கன்னை நாலு கிடாரி தாங்கும்,” என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. “பதிமூணு தாங்காது. மயிலையையும் நெத்திச்சுட்டியையும் இந்த வருஷம் எந்தக் காளை பக்கமும் விடக்கூடாது. வேற அடைப்புல போடணும்.”

டீச்சர் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கறுப்பு,” என்றார் இன்னாசிமுத்து. “எடை கொஞ்சம் கொறைஞ்சா கொறையட்டும்.”

அவர் எழுந்து வெளியே போனார். சங்கத்துக்குப் போன் செய்து, காளையின் இனத்தைச் சொன்னார். அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மறுபடி சொன்னார். பதினேழு கிடாரிகள் என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது கன்று நான்கு காலையும் அகட்டி நின்று மடியைத் தேடிக்கொண்டிருந்தது. டீச்சர் குழாயடியில் ஒற்றைக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னாசிமுத்து பக்கத்தில் நின்றார். போகாமல் நின்றார்.

“இன்னும் என்னண்ணே?”

“சொல்லியாச்சு, டீச்சர். ஆனா பயம் விடல. பத்து மாசம் இதோட எப்படி இருக்கப்போறேன்னு தெரியல. இந்தப் பயம் எப்ப போகும்?”

டீச்சர் குழாயை மூடினார்.

“அந்த வெள்ளைக் காளையைப் பிடிச்சீங்களே, அன்னிக்குப் பயம் இருந்துச்சா?”

இன்னாசிமுத்து யோசித்தார். அன்று அவர் லோரி மேலேயே ஏறிக் காளையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். மச்சானை அழைத்து, காளையோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். என்ன உயரம், என்ன நீளம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கிடாரிகள் அந்தப் பக்கம் எங்கோ மேய்ந்துகொண்டிருந்தன. எத்தனை, எங்கே என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிப்போனார்.

“இல்ல, டீச்சர்,” என்றார். பிறகு மயிலைக்கும் நெற்றிச்சுட்டிக்கும் தனி அடைப்புப் போட மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.